தாமஸ் ரயில் ஷோ நிஜமாவே குழந்தைங்களுக்குத்தானா? ஹென்றிய செவுரு வச்சு மூடுன எபிசோட் பாத்தவங்க வாங்க

கரித்துண்டு

தாமஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ் பழைய எபிசோடுங்க பாத்தவங்க இருந்தா கொஞ்சம் வாங்க, எனக்கு ஒரு நியாயம் தெரிஞ்சாகணும். 1984ல பிரிட்டன்ல ஐடிவி சேனல்ல வந்த முதல் சீசன், ரிங்கோ ஸ்டார் கதை சொல்றது. அதுல ஹென்றினு ஒரு பச்சை இன்ஜின். மழையில நனைஞ்சா பெயிண்ட் கெட்டுடும்னு டனலுக்குள்ள போய் நின்னுக்கிட்டு வெளிய வர மாட்டேங்குது. சரி அடம் புடிக்குது, குழந்தைங்க கதைதானே. கயிறு கட்டி இழுக்குறாங்க, அந்தப் பக்கம் போய் தள்ளுறாங்க, அசையல. (அந்த குண்டு முதலாளி மட்டும் கை வைக்கல, டாக்டர் கூடாதுனு சொல்லிட்டாராம்.) கடைசியில என்ன பண்றாங்க தெரியுமா, தண்டவாளத்த பேத்து எடுத்துட்டு, செங்கல் அடுக்கி செவுரு கட்டி, அத உள்ளயே நிப்பாட்டிட்டு பக்கத்துல வேற டனல் தோண்டிக்கிறாங்க.

மத்த வண்டிங்க போறத பாத்துக்கிட்டே நிக்குது. பதிலுக்கு விசில் அடிக்கக்கூட ஆவி இல்ல, நெருப்பு அணைஞ்சு போச்சு. எந்த பெயிண்டுக்காக இவ்ளோ அடம் புடிச்சுதோ அதுவும் டனல் கரியில நாசம். முடியுறப்போ கதை சொல்றவரு, இவனுக்கு இந்த தண்டனை தேவைதான், நீங்க என்ன நினைக்கிறீங்கனு குழந்தைங்கள பாத்து கேக்குறாரு. அவ்ளோதான், ஜாலியா மியூசிக் வந்துருது.

இத எந்த புண்ணியவான் பால்குடி மறக்காத பிள்ளைங்களுக்குனு எடுத்தது? உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கு. தெரிஞ்சவங்க தியரி போடுங்க.

நடுச்சாம_கூட்ஸ்

நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன், யாரும் காது குடுக்கல. கதை நடக்குற சோடார் தீவுல இருக்குற அத்தனை இன்ஜினும் ஏற்கனவே செத்தது. யோசிச்சு பாருங்க, தீவு, சுத்தி கடல், வெளிய வரவே பயப்படுறானுங்க, வெளிய போனா பழைய இரும்புக்கு வெட்டிருவாங்கனு எல்லாரும் சொல்றானுங்க. உள்ள இருந்தா ஒழுங்கா வேலை பாக்கணும், தப்பு பண்ணா தண்டனை, தண்டனை முடிஞ்சா மன்னிப்பு, திரும்ப வேலை. இதுக்கு பேர் என்ன? மேலயும் இல்லாம கீழயும் இல்லாம நடுவுல ஆத்மாவ காய வைக்கிற எடம். எழுதுனவரு வேற பாதிரியார். ஒன்னும் ஒன்னும் ரெண்டு.

பொம்மைக்காரன்

செத்ததா இல்லையானு தெரியாது, ஆனா மூஞ்சி பாத்தா செத்த மாதிரிதான் இருக்கும், அதுக்கு காரணம் இருக்கு. அது கார்ட்டூன் கிடையாது, நிஜமான மாடல் ரயில், ஸ்டுடியோவுல செட் போட்டு எடுத்தது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் சிரிக்கிற மூஞ்சி அழுவுற மூஞ்சி கோவ மூஞ்சினு தனித்தனியா அச்சுல வார்த்து வச்சிருப்பாங்க, ஷாட்டுக்கு ஷாட் கழட்டி மாத்துவாங்க. ஒரு ஷாட்டுக்குள்ள அசையுறது கண்ணு முழி மட்டும்தான், அதுவும் ரிமோட்ல. வாய் அசையவே அசையாது. எல்லாருக்கும் ஒரே ஆள் குரல்.

அதனாலதான் ஒரு இன்ஜின் மேட்டுல இருந்து உருண்டு விழுறப்போ அந்த மூஞ்சி அப்படியே ஒறைஞ்சு போய் இருக்கும், கண்ணு மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும் பாருங்க. எனக்கு இன்னைக்கும் அது ஒரு மாதிரி இருக்கும். இன்னொன்னு, டைரக்டர் டேவிட் மிட்டன் அதுக்கு முன்னாடி ஜெர்ரி ஆண்டர்சன்கிட்ட தண்டர்பேர்ட்ஸ்ங்கிற பொம்மை சீரியல்ல ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பாத்தவரு. வெடிக்க வைக்கிறதும் கவுக்குறதும் அவருக்கு கைவந்த கலை. விபத்துனு ஸ்கிரிப்ட்ல ஒரு வரி இருந்தா போதும், மனுஷன் பெட்டி பெட்டியா பறக்க விட்டுருவாரு. 2009ல கம்ப்யூட்டர் அனிமேஷன் ஆனதுக்கு அப்புறம் வாய் அசைஞ்சுது, பயமும் போச்சு.

சிக்னல்_கேபின்

நடுச்சாமம், பாதிரியார்ங்கிறத சரியா புடிச்சீங்க, மத்ததுல வண்டி தடம் மாறிடுச்சு.

எழுதுனவரு வில்பர்ட் ஆட்ரி, டிவி ஷோ அவர் புக்குங்கள வச்சு எடுத்தது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பையனுக்கு தட்டம்மை வந்து படுத்த படுக்கையா கெடந்தப்போ பொழுது போக சொன்ன கதைங்க. 1945ல முதல் புக்கு, 1972 வரைக்கும் அவர் எழுதுனது 26. ஹென்றி கதை முழுசா அவர் மண்டையில உதிச்சதும் இல்ல. மழைக்கு பயந்து டனலுக்குள்ள போன இன்ஜின் வெளிய வரலனு குழந்தைங்க பாடுற ஒரு பழைய சின்ன பாட்டு இருந்துச்சு, அதுல வர வேண்டிய "அப்புறம் என்னாச்சு"வ இவர் எழுதுனாரு.

கரித்துண்டு கேட்டதுக்கு வரேன். செவுத்துக்குள்ள விட்டுட்டு போற முடிவு பதிப்பாளருக்கே உறுத்துச்சு. முதல்ல மூணு கதைதான் இருந்துச்சு, நாலாவது ஒன்னு எழுதி ஹென்றிய வெளிய கொண்டு வாங்கனு கேட்டு வாங்குனாங்க. அதான் டிவிலயும் அடுத்த எபிசோடா வருது, கோர்டன்ங்கிற பெரிய இன்ஜின் நடுவழியில பழுதாகி நிக்க, எட்வர்டுங்கிற இன்னொரு இன்ஜினால மட்டும் இழுக்க முடியாம, செவுத்த இடிச்சு ஹென்றிய கூப்புடுறாங்க. நீங்க அந்த அடுத்த எபிசோட பாக்கலனு நினைக்கிறேன்.

கரித்துண்டு

பாத்தேனே. அதுதான் இன்னும் கொடுமை. மன்னிச்சு வெளிய விடல, ஆள் தேவைப்பட்டுச்சு அதனால விட்டாங்க. கோர்டன் பழுதாகலனா இன்னும் உள்ளதான் நின்னுக்கிட்டு இருக்கும்.

ரெட்_சிக்னல்

இதுக்குதான் காத்துக்கிட்டு இருந்தேன். "தேவைப்பட்டுச்சு அதனால விட்டாங்க". ஷோவோட மொத்த தத்துவமே இந்த ஒரு வரிதான் தோழர். இந்த இன்ஜினுங்களுக்கு கெடைக்கிற ஆகப்பெரிய பாராட்டு என்ன? நல்லவன்னோ அன்பானவன்னோ யாரும் சொல்ல மாட்டாங்க. "ரொம்ப உபயோகமான இன்ஜின்". அத கேக்குறதுக்காக நாள் பூரா ஓடுதுங்க. லீவு கேக்குற இன்ஜின் பாத்திருக்கீங்களா? ஒரு தடவ பெரிய இன்ஜினுங்க மூணும் பெட்டி கோக்குற வேலைய நாங்க பாக்க மாட்டோம்னு ஸ்டிரைக் பண்ணுதுங்க. முதலாளி என்ன பண்றாரு, பெர்சினு ஒரு சின்ன இன்ஜின வாங்கிட்டு வந்து எட்வர்டு தாமஸ் பெர்சிய வச்சு ஓட்டிட்டு, ஸ்டிரைக் பண்ண மூணையும் ஷெட்டுல போட்டு பூட்டிடுறாரு. சங்கத்த உடைக்கிறது எப்படினு பாடம் எடுத்த மாதிரி இருக்கும்.

நான் மட்டும் சொல்லல. 2009ல கனடாவுல ஒரு அரசியல் அறிவியல் ஆராய்ச்சியாளர் 23 எபிசோட உக்காந்து அலசி, மேல இருக்குறவன் சொன்னத கேளு, உன் எடத்துல நில்லு, மாத்தணும்னு நினைச்சா அடி விழும், இதுதான் ஷோ சொல்லுதுனு எழுதுனாங்க. பேப்பர்ல எல்லாம் கிண்டல் பண்ணாங்க. கிண்டல் பண்ணவங்க ஒருத்தரும் ஸ்டிரைக் எபிசோட பத்தி வாய தொறக்கல.

சிக்னல்_கேபின்

ஸ்டிரைக் எபிசோட் பத்தி சொன்னது அப்படியே உண்மை, மறுக்க மாட்டேன். ஆனா உபயோகம் உபயோகம்னு ஏன் அந்த இன்ஜினுங்க அலையுதுனு கேட்டா முதலாளித்துவம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறீங்க. அந்த காலத்துல பிரிட்டன்ல இன்ஜினுக்கு என்ன நடந்துச்சுனு பாருங்க, அப்புறம் பேசுவோம்.

1948ல ரயில்வேய அரசாங்கம் எடுத்தப்போ அவங்க கைக்கு வந்த நீராவி இன்ஜின் சுமார் 20,000. 1955ல நவீனமாக்குற திட்டம், இனிமே டீசலும் கரண்டும்தான்னு முடிவாச்சு. ஆனாலும் நீராவி இன்ஜின செஞ்சுக்கிட்டேதான் இருந்தாங்க, கடைசி ஒன்னு 1960ல ஸ்விண்டன்ல வெளிய வந்துச்சு, பேரு ஈவ்னிங் ஸ்டார். அஞ்சே வருஷம், 1965ல ஓரங்கட்டிட்டாங்க. அவ்ளோ புது இன்ஜின். அப்புறம் 1968 ஆகஸ்ட், மெயின் லைன்ல நீராவிக்கு முழுசா மூடுவிழா. ஆர்வலருங்க காப்பாத்துன கொஞ்சத்த தவிர அத்தன இன்ஜினும் எங்க போச்சு? காயலான் கடைக்கு. எடைக்கு போட்டாங்க.

ஆட்ரி இந்த இருபது வருஷமும் கதை எழுதிக்கிட்டே இருந்தாரு. 1958ல டீசல்னு ஒரு பாத்திரம் வருது, வந்த உடனே டக் (Duck) அப்படிங்கிற பேர் இருக்குற ஒரு நீராவி இன்ஜின பத்தி இல்லாதது பொல்லாதது கெளப்பி விட்டு வேலைய விட்டு தூக்க பாக்குது. 1968 புக்குல ஆலிவர்னு ஒரு இன்ஜின் வெட்டுறதுக்கு அனுப்பப்பட்டு ராத்திரியில தப்பிச்சு ஓடி வருது, டக்ளஸ்ங்கிற இன்னொரு இன்ஜின் அத வழியில பாத்து, வெட்ட கொண்டு போற இன்ஜினுனு சொல்லி ஏமாத்தி சோடாருக்கு இழுத்துட்டு வருது. அந்த எபிசோட போட்டு பாருங்க, ராத்திரி யார்டு, ஒரு ஆள் மடக்கி விசாரிக்கிறான், ஆலிவர் மூச்சு விடாம நிக்குது. போர் காலத்துல எல்லை தாண்டி தப்பிக்கிற படம் மாதிரியே எடுத்திருப்பாங்க. அந்த புக்கு வந்த வருஷம்தான் வெளிய நிஜ நீராவி இன்ஜினுங்க ஓட்டத்த நிறுத்துனாங்க.

இதுல ஒளிச்சு வச்சது ஒன்னும் இல்லங்க. பட்டவர்த்தனமா கதையிலயே இருக்கு, நமக்கு அந்த ஊர் சரித்திரம் தெரியாததால மர்மமா தெரியுது. ஆட்ரியே சொன்னது, என் இன்ஜினுங்க தண்டனை வாங்கும், மன்னிக்கப்படும், ஆனா எதையும் வெட்ட விட மாட்டேன்னு. நடுச்சாமம் சொல்ற அந்த நடு எடம்ங்கிறது வேற ஒன்னும் இல்ல, ஒரு ரயில் பைத்தியம் பிடிச்ச பாதிரியார் வெட்டாம வச்சுக்கிட்ட தீவு.

நடுச்சாம_கூட்ஸ்

அதாவது நான் சொன்னதையே நீங்க வருஷம் போட்டு சொல்றீங்க 😀 வெளிய எல்லாம் செத்துப்போச்சு, தீவுக்குள்ள மட்டும் ஓடுதுங்க. நன்றி.

லூப்_லைன்

டீசல் விஷயத்துக்கு வரேன். வெளிய இருந்து வந்தவன் எல்லாம் கெட்டவன், கருப்பா வந்து நிக்கிறவன் சூழ்ச்சிக்காரன், பழைய குடும்பம் மட்டும் நல்லது. இத ஒரு குழந்தை திரும்பத் திரும்ப பாத்தா என்ன பதியும்? நீங்க சொல்ற சரித்திரம் எல்லாம் சரி, குழந்தைக்கு 1955 திட்டம் தெரியாதே.

சிக்னல்_கேபின்

நியாயமான கேள்விதான். ஆனா 1966லயே போகோனு ஒரு டீசல் வருது, சாந்த சொரூபி, எட்வர்டுக்கு நல்ல தோஸ்து. ரஸ்டி, மேவிஸ் எல்லாமே டீசல்தான். எழுத எழுத அவரே எறங்கி வந்திருக்காரு. ஆனா டிவிகாரங்க அஞ்சாவது சீசன்ல வெட்டுற யார்டுக்கு ஆரி, பெர்ட்னு ரெண்டு டீசல வேலைக்கு போட்டு கெடுத்துட்டாங்க, அத ஒத்துக்குறேன்.

பொம்மைக்காரன்

ஆஹா ஸ்டெப்னி எபிசோட். அத பத்தி பேசாம இந்த இழைய மூடக்கூடாது. 1998. மூடுபனி, ஸ்டெப்னிங்கிற சின்ன இன்ஜின் வழி தப்பி காயலான் கடைக்குள்ள போயிருது. ஆரியும் பெர்ட்டும் புடிச்சு வச்சுக்குதுங்க. மேல இருந்து ஒரு பெரிய இரும்பு கொடுக்கு எறங்கிக்கிட்டே வரும், ஸ்டெப்னி கண்ணு மேல போகும், மூஞ்சி அசையாது (முன்னாடியே சொன்னேனே). லைட்டிங் எல்லாம் பேய் படம். கடைசி நொடியில முதலாளி வந்து நிறுத்துவாரு.

வயித்த கலக்குற விஷயம் எதுன்னா, ஸ்டெப்னி கற்பனை இன்ஜின் கெடையாது. 1875ல செஞ்ச நிஜ இன்ஜின், இங்கிலாந்துல ப்ளூபெல் ரயில்வேனு ஆர்வலருங்க சேந்து 1960ல தொறந்த பாதையில ஓடுனது. அரசாங்கம் கைவிட்ட இன்ஜின மக்கள் காப்பாத்துன கதைக்கு அதுதான் அடையாளமே, ஆட்ரி 1963ல அது பேர்ல ஒரு புக்கே போட்டிருக்காரு. அத கொண்டு போய் டிவில வெட்டு மெஷினுக்கு அடியில நிறுத்தி வேடிக்கை காட்டியிருக்கானுங்க. காப்பாத்துனவங்க வீட்டு குழந்தை இத பாத்தா எப்படி இருந்திருக்கும்?

மணிக்கூண்டு

எல்லாரும் செத்தது வெட்டுனதுனு பேசுறீங்க, ரெண்டு பொம்பளைங்க உங்க கண்ணு முன்னாடியே இருக்காங்க ஒருத்தரும் பாக்கல. ஆனி, கிளாரபெல். தாமஸோட பெட்டிங்க. ஆரம்பத்துல இருந்தே பொம்பளைனா பின்னாடி கோத்து இழுத்துட்டு போற பெட்டி, ஆம்பளைனா இன்ஜின். டெய்சி, மேவிஸ்னு அங்கங்க வந்தாலும் முக்கிய கூட்டத்துல நிரந்தரமா ஒரு பொம்பள நீராவி இன்ஜின், எமிலி, வர 2003 ஆச்சு. அதுவும் போதலனு 2013ல பிரிட்டன் தொழிற்கட்சியோட நிழல் போக்குவரத்து அமைச்சரே (எதிர்க்கட்சி தரப்புல போக்குவரத்த பாத்துக்கிறவங்க) கேட்டாங்க, இத பாத்து வளர்ற பொண்ணு எப்படி டிரைவர் வேலைக்கு வரணும்னு நினைப்பானு. அதுக்கும் சிரிச்சாங்க.

2018ல ஐநாவோட சேந்து எல்லாத்தையும் மாத்தி, கென்யாவுல இருந்து நியா, அப்புறம் ரெபெக்கானு ரெண்டு பேர ஷெட்டுல சேத்தாங்க. எடம் வேணும்னு யார வெளிய அனுப்புனாங்க தெரியுமா? எட்வர்டும் ஹென்றியும். கரித்துண்டு, உங்க ஹென்றிதான்.

கரித்துண்டு

மறுபடியும் ஹென்றியா 😭 அவனுக்கு ஜாதகமே சரியில்ல.

லூப்_லைன்

மணிக்கூண்டு மேடம், அஷிமாவ விட்டுட்டீங்க. 2016ல வந்த படத்துல இந்திய இன்ஜின், மேல எல்லாம் பூ போட்டு டிசைன் வரைஞ்சு. நீலகிரி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் இன்ஜின பாத்து செஞ்சது. நல்ல பொண்ணு, யாருக்கும் பயப்படாது, தாமஸுக்கே தைரியம் சொல்லும். ஆனா வெளிநாட்டு இன்ஜின்னா கலர் அடிச்சு கோலம் போட்டு நிறுத்தணுமாங்கிறது தனி கேள்வி.

சிக்னல்_கேபின்

ஒரு சின்ன விஷயம். இவ்ளோ செத்தது வெட்டுனதுல ஆட்ரிக்கு டிவிகாரங்க மேல நிஜமா கோவம் வந்தது எதுக்கு தெரியுமா? மூணாவது சீசன்ல ஹென்றி காட்ட ரசிக்கிறதுக்காக நடு லைன்ல வண்டிய நிறுத்துது. அது விதி 55க்கு விரோதம். சிக்னல்ல வண்டி நின்னுடுச்சுனா இன்ஜின் ஆளோ கார்டோ எறங்கி சிக்னல் கேபினுக்கு நடந்து போய், என் வண்டி இங்க நிக்குது, மறந்து பின்னாடி இன்னொன்ன விட்டுராதனு சொல்லணும். சொல்லாம விட்டு நிறைய பேர் செத்திருக்காங்க. அதனால ஒரு இன்ஜின் ஆசைக்கு நின்னு மரத்த பாத்துச்சுங்கிறது அவருக்கு பொறுக்கல. செவுரு கட்டுனத ஜீரணிச்சவருக்கு இது ஜீரணமாகல, அப்படி ஒரு ஆள்.

பழைய_பாய்லர்

இழை முழுக்க படிச்சேன், ஸ்மட்ஜர யாரும் சொல்லலயே. நாலாவது சீசன். டியூக்னு ஒரு கெழட்டு இன்ஜின், சொன்ன பேச்சு கேக்காத சின்னதுங்களுக்கு கதை சொல்லும். எங்ககிட்ட ஸ்மட்ஜர்னு ஒருத்தன் இருந்தான், முரட்டுத்தனமா ஓடி அடிக்கடி தடம் புரளுவான், எச்சரிச்சேன், சிரிச்சான். கடைசியா ஒரு நாள் மேனேஜர், இவன இப்பவாச்சும் உபயோகமா ஆக்குறேன்னாரு. சின்ன இன்ஜின் பயந்துக்கிட்டே கேக்கும், என்ன பண்ணாங்கனு. சக்கரத்த எடுத்துட்டு ஜெனரேட்டரா மாத்திட்டாங்க, இப்பவும் நம்ம ஷெட்டுக்கு பின்னாடிதான் இருக்கான், இனிமே நகர மாட்டான்.

ஷாட் அங்க போகும். அது மூஞ்சி அப்படியே இருக்கும். உயிரோட.

ஹென்றிக்காச்சும் செவுரு இடிஞ்சுது. இவன எந்த எபிசோடும் திரும்பி பாக்கல.

ரெட்_சிக்னல்

"இப்பவாச்சும் உபயோகமா ஆக்குறேன்". நான் ஒன்னும் சொல்லல. அவங்களே சொல்லிட்டாங்க.

சிக்னல்_கேபின்

1970 புக்குல ஜெனரேட்டர் இல்ல, பம்ப் ஓட்டுற இன்ஜினா ஆக்குனாங்கனு வரும். அது நிஜத்துலயும் நடந்ததுதான், பழைய இன்ஜின் பாய்லர எடுத்து நீராவிக்காக ஒரு மூலையில நிறுத்தி வேற வேலைக்கு ஓட்டுறது சகஜம். வெட்டலங்கிற கணக்குல ஆட்ரி வாக்கு தவறல. ஆனா இத சொல்லி முடிச்சப்புறம் எனக்கே ஆறுதலா இல்ல.

மணிக்கூண்டு

பெத்தவங்களுக்கு ஒரு யோசனை. பழைய சீசன் போட்டு விடுறதுனா ஹென்றி எபிசோடையும் அடுத்ததையும் ஒன்னா சேத்து போடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க. ஸ்டெப்னி, ஸ்மட்ஜர் ரெண்டையும் பிள்ளைங்க கொஞ்சம் வளர்ந்தப்புறம் காட்டிக்கலாம், ஒன்னும் கெட்டுப்போகாது. எங்க வீட்டுல சின்னவளுக்கு ஸ்மட்ஜர் பயமே இல்ல, "அப்ப அவனுக்கு மழையில நனையுமா, கூரை போட்டாங்களா"னு மட்டும் கேட்டா. பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பாய்லர்

ஷெட்டுக்கு பின்னாடிதானே, கூரை இருக்கும்னு சொல்லிருங்க மேடம். எங்கயும் இல்லனு சொல்லல.

நடுச்சாம_கூட்ஸ்

ஒரு கடைசி பாயிண்ட், சிக்னல் கேபின் அண்ணே நீங்களே சரி பாருங்க. புக்குல அந்த குண்டு முதலாளி ஒரே ஆள் இல்ல, அப்பா, மகன், பேரன்னு மூணு பேரு வராங்க, எல்லார் பேர்லயும் டோபம் ஹாட் உண்டு. முதலாளி வயசாகி ரிட்டையர் ஆகுறாரு, மகன் வராரு, அப்புறம் பேரன். இன்ஜினுங்க மட்டும் அதே இன்ஜின், அதே மூஞ்சி, அதே டியூட்டி. இதுக்கு என்ன சரித்திரம் சொல்ல போறீங்க?

சிக்னல்_கேபின்

மூணு தலைமுறைங்கிறது சரி. இன்ஜின நல்லா பாத்துக்கிட்டா நூறு வருஷம் ஓடும், ஸ்டெப்னிய கேளுங்க.

ரெட்_சிக்னல்

மூணு தலைமுறைக்கு உழைச்சிருக்கானுங்க, ஒருத்தனுக்காச்சும் பென்ஷன் உண்டா அண்ணே?